அவர் சொல்லாத கடை

எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் உடனே பதில் சொன்னார். கடையின் பெயர், எந்தத் திருப்பத்தில் இறங்க வேண்டும், வண்டியை எங்கே நிறுத்தலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுவரை சொல்வார். அப்படிச் சொன்ன கடைகளில் ஒன்றில்கூட அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஷார்ஜாவில், ரோலா பக்கம், ஒரே கட்டடத்தில் இருந்தோம். நானும் மனைவியும் இரண்டாவது மாடி. அவர் தனியாக ஐந்தாவது மாடி, குடும்பம் தூத்துக்குடியில். ஹோட்டல்களுக்குச் சமையலறை அமைத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் புராஜெக்ட் மேனேஜர். அடுப்பு எங்கே, புகைபோக்கி எங்கே, குளிர் அறை எங்கே, பாத்திரம் கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது அவர் வேலை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, ஒல்லியான உடம்பு. இவ்வளவு சாப்பாட்டுப் பேச்சு பேசுகிறவருக்கு அந்த உடம்பு பொருந்தவில்லை என்று முதல் நாளே தோன்றியது. துபாயில் ஓர் ஆங்கில நாளிதழின் வாரக்கடைசி இணைப்பில் உணவு, பயணம் என்ற இரண்டு பக்கங்களும் அப்போது என் பொறுப்பில் இருந்தன. இந்த மாதிரி விஷயங்களைக் கவனிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

குடிவந்த வாரமே லிஃப்டில் கேட்டேன்.

"அண்ணாச்சி, இங்க நல்ல மீன் சாப்பாடு எங்க கிடைக்கும்?"

"மெயின் ரோட்டுல பெரிய கண்ணாடி போட்ட கடை இருக்கு பாரும். ஏசி. சுத்தமா இருக்கும். வீட்டம்மாவையும் தாராளமா கூட்டிட்டுப் போகலாம்."

போனோம். சுத்தமாகத்தான் இருந்தது. மீனில் ஐஸ் பெட்டியின் ருசி தவிர வேறெதுவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், பணம் அனுப்பும் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்து வழியாக நடந்துகொண்டிருந்தேன். பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கைக்குட்டை பாக்கெட்டுக்குள் போனது.

"என்ன அண்ணாச்சி, இந்தப் பக்கம்?"

"பல் டாக்டரைப் பாக்க வந்தேன்."

அந்தச் சந்தில் ஒரு தையல் கடை இருந்தது. சாவி போடுகிறவர் ஒருவர் இருந்தார். பல் டாக்டர் யாரும் இல்லை. அவர் கையிலிருந்து சாளை மீன் குழம்பு மணத்தது.

மறுவாரம் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனேன். தரைத்தள ஃபிளாட் ஒன்றின் கூடத்தில் மேஜைகள் போட்டு, குளச்சல் பக்கத்துக்காரர் ஒருவர் மெஸ் நடத்தினார். சமையலறையைப் பார்த்த நாற்காலியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். எந்தக் கடையிலும் அவருக்கு அந்த நாற்காலிதான் வேண்டும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சமையல்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் மீன் தலையை எடுத்துவந்து அவர் தட்டில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். என் தட்டுக்கு வால் துண்டு வந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாதியில் எழுந்து கை கழுவினார். அதற்கடுத்த வாரத்திலிருந்து கதவு திறந்த உடனே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதாகச் சமையல்காரர் சொன்னார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி சிரித்தாள்.

"கடையைத்தானே பாத்தீங்க? என்னமோ அவரோட சின்னவீட்டைப் பாத்துட்ட மாதிரி ஒளியிறாரு."

"எனக்கு வாலு, அவருக்குத் தலை."

"ஓ, அதான் விஷயமா?" என்றாள்.

அதுதான் விஷயம். உணவுப் பக்கம் எழுதுகிறவனை ஹோட்டல்காரர்கள் நன்றாகவே கவனிப்பார்கள். மேலாளர் வாசலுக்கு வருவார். தலைமைச் சமையல்காரர் மேஜைக்கு வந்து கை கொடுப்பார். போகும்போது பையில் போட்டு ஒரு டப்பா இனிப்பு தருவார்கள். அந்த மரியாதை நாளிதழுக்கு. எனக்கு என்ன பிடிக்கும் என்பது அந்த ஊரில் எந்தச் சமையல்காரருக்கும் தெரியாது. அண்ணாச்சிக்கு மீன் தலை பிடிக்கும் என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை அவருடைய கார் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. புஜைராவில் அவருக்கு சைட் இருந்தது. என்னைக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டார். வழியெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். வேலை முடிந்து, துறைமுகப் பக்கம் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். வலை, கயிறு விற்கும் கடை ஒன்று. அதன் பின்னால் திருகோணமலைக்காரர் ஒருவர் மதியத்தில் மட்டும் நண்டுக் கறி போடுகிறார் என்றார். இவ்வளவு தூரம் வந்ததற்கு இன்றாவது கூட்டிப்போகிறாரே என்று சீட் பெல்ட்டைக் கழற்றினேன்.

"நீர் இரும் வே. உள்ள இடம் இருக்காது. நான் பார்சல் வாங்கிட்டு வாரேன்."

போனவர் சீக்கிரம் வரவில்லை. காருக்குள்ளிருந்து பார்த்தால் கடையின் பக்கச் சன்னல் தெரிந்தது. உள்ளே காலி நாற்காலிகள். அவர் சமையலறையைப் பார்த்து உட்கார்ந்து நண்டின் காலைக் கடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒருவர் நின்று, கையில் கரண்டியோடு, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அண்ணாச்சி பார்சலோடு வந்தார்.

"கூட்டம் அதிகமோ அண்ணாச்சி?"

"ஆமா. ஒரே தள்ளுமுள்ளு."

அந்த நண்டை வீட்டில் வைத்துச் சாப்பிட்டோம். அவ்வளவு நல்ல நண்டுக் கறியை அதற்கு முன் நான் சாப்பிட்டதில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

கருமி என்று அவரைச் சொல்ல முடியாது. ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்பும்போது ஆலயத்துக்கு வெளியே நிற்கும் புதுப் பையன்களுக்கு ஆள் பிடித்து வேலை வாங்கிக் கொடுப்பார். என் மனைவி காய்ச்சலாகக் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். சட்டை, குடை, கார், எதைக் கேட்டாலும் தருவார். கடையை மட்டும் தரமாட்டார். "கடைன்னா ஆளைத் தெரிஞ்சு போடணும் வே. கூட்டம் வந்துட்டா அவனுக்கு யாரைத் தெரியும்?" என்பார்.

அது உண்மை என்று ஒருமுறை கண்ணால் பார்த்தேன். குளச்சல்காரர் மெஸ்ஸை யாரோ ஓர் இளைஞன் செல்போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டான். 'ரோலாவில் ஒளிந்திருக்கும் மீன் புதையல்' என்ற மாதிரி ஒரு தலைப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை சந்து முழுக்க ஆட்கள். துபாயிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் அவர் நின்றார். கதவருகே புதிதாக ஒரு பணியாள் நின்று ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை கொடுத்துக்கொண்டிருந்தான். அவர் அதை வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். உள்ளே சமையல்காரர் வியர்த்து ஊற்ற, தலை நிமிராமல் தட்டுகளில் மீனைப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வில்லையை அந்தப் பணியாளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசையிலிருந்து விலகி வந்தார்.

"டோக்கன் குடுத்துட்டான் வே எனக்கு" என்றார். அந்தச் சந்துக்கு அவர் பிறகு போகவே இல்லை.

அந்த வருஷக் கடைசியில்தான் மராக்கேஷ் வந்தது. மொரோக்கோவில், அந்த நகரத்தில் எங்கெங்கே சாப்பிடலாம் என்று ஒரு முழுப் பக்கம் எழுதுவதற்கு என்னை அனுப்பினார்கள். இணைப்பின் ஆசிரியர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: ஹோட்டல்காரர்கள் அனுப்பும் பட்டியல் இருக்கக் கூடாது, அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் ஓர் இடமாவது இருக்க வேண்டும், அதைத்தான் பக்கத்தின் தலையில் வைப்பேன்.

அண்ணாச்சி மராக்கேஷில் நான்கு வருஷம் இருந்தவர். அங்கே வரிசையாகப் புது ஹோட்டல்கள் கட்டியபோது கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. அவருடைய அரபியும் அந்த ஊர் அரபிதான். வளைகுடா முழுக்க, அவ்வளவுதான் என்பதற்கு 'கலாஸ்' என்று சொல்லி முடிக்கும் இடத்தில் அவர் 'ஸாஃபி' என்பார். ரோலா கடைக்காரர்கள் சிரிப்பார்கள். விடுமுறை கிடைத்தால் ஊருக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் அங்கே போய்வருவார். அவர் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. தாழ்வான இரும்புக் கதவு ஒன்றின் முன்னால் அவரும், முழங்கைவரை கரி படிந்த ஒருவரும் நின்றார்கள். அண்ணாச்சியின் கையில் இரண்டு காது வைத்த, கழுத்து குறுகிய ஒரு மண்பானை. பள்ளிக்கூடப் பரிசைப் பிடித்த மாதிரி பிடித்திருந்தார்.

மராக்கேஷ் என்றதும் அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. உடனே சரிசெய்துகொண்டு, "எழுதிக்கோரும்" என்றார். மொட்டைமாடியில் விளக்குத் தொங்கவிட்ட கடை, நடுவில் நீரூற்று உள்ள கடை, ஆரஞ்சு மரத்தடியில் மேஜை போட்ட கடை. ஒவ்வொன்றுக்கும் வழி, நேரம், எதைக் கேட்க வேண்டும் என்பதும் சொன்னார்.

"எல்லாம் நம்பிச் சாப்பிடலாம். குளிர் ரூம் நான் போட்டது."

"நீங்க சாப்பிட்டிருக்கீங்களா அண்ணாச்சி?"

"கட்டினவன் சாப்பிடுவானா வே?"

"அப்ப நாலு வருஷம் எங்க சாப்பிட்டீங்க?"

"அங்க இங்க."

புகைப்படத்தைக் காட்டி, "இது யாரு?" என்றேன்.

"ஒரு பழக்கக்காரன்."

"கையில என்ன?"

"பானை" என்றார். பிறகு, "ஸாஃபி" என்றார்.

மராக்கேஷில் அவருடைய பட்டியலோடு இரண்டு நாள் சாப்பிட்டேன். குறை சொல்ல எதுவும் இல்லை. உப்பில் ஊறிய எலுமிச்சையோடு வெந்த கோழி, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிய புறாக்கறி அடை, வெள்ளைத் துணி, வெள்ளித் தேநீர்க் கூஜா. பக்கத்து மேஜைகளில் என்னைப் போலவே கைப்பேசியால் தட்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். சமையலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே பளபளத்த எஃகு மேஜைகள் தெரிந்தன. அவர் போட்டவை. அந்த ஊரில் வெளியூர்க்காரர்களுக்கென்று அவர் கட்டிய சுவருக்கு வெளிப்பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று புரிந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பழைய நகரத்தில் சின்னக் கடைகள் மதியத்தில் பெரும்பாலும் மூடியிருந்தன. தொழுகை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய், கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்த கூஸ்கூஸ் சாப்பிடும் நாள். அதைத் தெரிந்துகொள்ளாமல் பசியோடு கிளம்பியிருந்தேன். சந்துகளில் சுற்றும்போது எதிரே ஒருவர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது போல் ஒன்றை அணைத்துக்கொண்டு போனார். இரண்டு காது, குறுகிய கழுத்து, வாயில் காகிதம் வைத்துக் கயிற்றால் கட்டிய மண்பானை. அவர் பின்னாலேயே போனேன்.

பொதுக் குளியல் கட்டடம் ஒன்றின் பின்பக்கம் அவர் நின்றார். தாழ்வான இரும்புக் கதவு. உள்ளே குளிக்கும் வெந்நீருக்காக எரியும் உலை. கரி படிந்த கைகளோடு ஒருவர் அந்தப் பானையை வாங்கி, உலைக்குப் பக்கத்தில் குவிந்திருந்த சூடான சாம்பலுக்குள் கழுத்துவரை புதைத்தார். நிமிர்ந்தபோது தெரிந்தது: புகைப்படத்தில் இருந்தவர். தலை நரைத்திருந்தது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஹிந்த்?" என்றார். இந்தியாவா என்று.

தலையாட்டினேன்.

அவர் இரண்டு கைகளையும் விரித்து, "வாரும், வாரும்" என்றார்.

மொரோக்கோவில் ஒரு குளியல்கூட உலைக்காரர் தூத்துக்குடித் தமிழில் வரவேற்கிறார். திருச்சிக்காரனாகிய எனக்கு அதில் மகிழ்ச்சிதான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு.

அவருடைய கூட்டாளி, தோல் செருப்பு தைப்பவர், கொஞ்சம் ஆங்கிலம் பேசினார். என் அலுவலக அரபியும் அவருடைய ஆங்கிலமும் சேர்ந்து முறையை விளக்கின. இங்கே கடை கிடையாது. காலையில் கசாப்புக் கடைக்குப் போக வேண்டும். கசாப்புக்காரரே பானைக்குள் முழங்கால் கறியும் பூண்டும் சீரகமும் குங்குமப்பூவும் ஊறிய எலுமிச்சையும் வருஷக் கணக்கில் வைத்த வெண்ணெயும் போட்டுக் கட்டித் தருவார். அதை உலைக்காரரிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட வேண்டும். சாயங்காலம் வந்து, ரொட்டியோடு சாப்பிட வேண்டும். வழிப்போக்கனுக்கு இதில் இடமில்லை. பசி வருவதற்கு முன்பே கொடுத்துவைக்கிறவனுக்குத்தான் சாப்பாடு.

சுவரில் அலமாரி. அதில் வாடிக்கைக்காரர்களின் பானைகள், ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம்: கோடு, நட்சத்திரம், கைவிரல் தடம். நடுத்தட்டில் ஒன்றில் வெள்ளைச் சாயத்தால் ஒரு தமிழ் எழுத்து. அண்ணாச்சியின் பெயரின் முதல் எழுத்து. பானையில் தூசி இல்லை. யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.

மறுநாளைக்கு நானும் ஒரு பானை கொடுக்க விரும்புவதாகச் சொன்னேன். கை நீட்டி அந்தப் பானையைக் காட்டினேன்; அவருடைய நண்பன்தான், ஒரே கட்டடம் என்றேன்.

உலைக்காரர் தலையை அசைத்தார். "லா. தியாலு" என்றார்.

"அது அவருடையது" என்று செருப்புக்காரர் சொன்னார். அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது.

சனிக்கிழமை காலை கசாப்புக் கடையில் புதுப் பானை ஒன்று வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். சாயங்காலம் உலைக்கு வெளியே கவிழ்த்த மரப்பெட்டிகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கயிற்றை அவிழ்த்துப் பானையைத் தட்டில் கவிழ்த்ததும் எலும்பு தனியாக, கறி தனியாக விழுந்தது. பழைய வெண்ணெயின் கடுமையான வாசனை முதலில் முகத்தில் அடித்தது. எலுமிச்சையின் உப்பு அதை அடக்கியது. மூன்று நாளில் நான் சாப்பிட்ட எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. உலைக்காரர் முழு நேரமும் அண்ணாச்சியைப் பற்றியே பேசினார். இந்தக் கதவின் கீல் அவர் மாற்றிக் கொடுத்தது. இந்தப் பெட்டி அவர் உட்காரும் பெட்டி. உலையைப் பார்த்துத்தான் உட்காருவார். வெண்ணெய் அவருக்கு அதிகம் வேண்டும். எப்போது வருகிறார்? உடம்பு எப்படி இருக்கிறது? பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்? என் பெயரை அவர் கேட்டார். கேட்டு, மறந்து, இன்னொரு முறை கேட்டார்.

கிளம்பும்போது என் பானையைக் கழுவித் துடைத்தேன். சாயக் குப்பியும் குச்சியும் கேட்டு வாங்கி, என் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் எழுதினேன். அலமாரியில் வைக்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கி, கீழ்த்தட்டில், தரையை ஒட்டி வைத்தார்.

ஷார்ஜா திரும்பிய மறுநாள் சாயங்காலமே அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி டீ கொடுத்தாள்.

"எங்க சாப்பிட்டீரு?"

"நீங்க சொன்ன கடையிலதான் அண்ணாச்சி."

"எல்லா நாளுமா?"

"சனிக்கிழமை தவிர."

டீயைக் கீழே வைத்தார். "சனிக்கிழமை?"

"குளியல்கூடத்துக்குப் பின்னால. உலைக்குப் பக்கத்துல."

அன்றைக்கு உள்ளங்கையில் வில்லையைப் பார்த்தபோது இருந்த முகம் திரும்ப வந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். எழுதினால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கைப்பேசியோடு ஆட்கள் வருவார்கள். அந்தச் சந்தில் வரிசை நிற்கும்.

"எழுதப் போறீரா?"

"இன்னும் எழுதல."

டம்ளரைத் திரும்ப எடுத்து, வேறு குரலில் கேட்டார்.

"பானை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"வேற எவனும் எடுத்துப் பழகலயே?"

"நான் கேட்டேன் அண்ணாச்சி. தரமாட்டேன்னுட்டாரு."

அவர் நிமிர்ந்தார். "நீர் கேட்டீரா?"

"கேட்டேன்."

"என்ன சொல்லிக் கேட்டீரு?"

"உங்க நண்பன்னு சொன்னேன். ஒரே பில்டிங்னு சொன்னேன்."

"அப்படியுமா குடுக்கல?"

"குடுக்கல."

"அவன் வாயால என்ன சொன்னான், அதைச் சொல்லும்."

"தியாலுன்னாரு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் பார்த்ததிலேயே பெரிய சிரிப்பு. என் மனைவியிடம் திரும்பி, "கேட்டியாம்மா? தியாலுன்னானாம்" என்றார். முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். நான் கை நீட்டியது, உலைக்காரர் தலையாட்டியது, நான் புதுப் பானை வாங்கியது எல்லாம் வேண்டும். என் அவமானத்தை அவர் ஒரு விருந்து போல நிதானமாகச் சாப்பிட்டார். நான் என் பானையை அலமாரியில் வைத்துவிட்டு வந்ததை மட்டும் சொல்லவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார்: "எழுதும் வே. பேஷா எழுதும். எவன் வேணும்னாலும் வரட்டும். அவன் எனக்கு டோக்கன் குடுக்க மாட்டான்."

அவர் போனதும் மனைவி கேட்டாள். "அவரே சொல்லிட்டாரு. இப்ப எழுதலாம்ல?"

"எழுதலாம்."

எழுதவில்லை. மொட்டைமாடி, நீரூற்று, ஆரஞ்சு மரம், கார்டு வாங்குவார்கள், முன்பதிவு அவசியம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் படித்துவிட்டு, "ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடம் ஒன்றுகூட இல்லையே?" என்றார். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்றேன். பக்கத்தின் கீழ்ப்பாதியை விளம்பரத்துக்குக் கொடுத்தார். வருத்தமில்லை. உலைக்காரரின் அலமாரியில் இப்போது என்னுடைய பானையும் இருந்தது.

நாளிதழ் வந்த அன்று அண்ணாச்சி லிஃப்டில் என்னை நிறுத்தினார்.

"ஏன் வே போடல?"

"இடம் இல்ல அண்ணாச்சி."

ஐந்தாவது மாடி வரும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் மாடி எப்போதோ போய்விட்டிருந்தது. கதவு திறந்ததும், "இப்பத் தெரியுதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த விடுமுறையில் அவர் மராக்கேஷ் போய்வந்தார். எங்கள் வீட்டுக்கு ஒரு பாட்டில் ஊறிய எலுமிச்சை கொண்டுவந்தார். விமான நிலையத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், இந்த முறை குளிர் அதிகம், உலைக்காரரின் மகளுக்குக் கல்யாணம், நல்ல இடம் என்று பேசிக்கொண்டே போனார். நான் காத்திருந்தேன். கீழ்த்தட்டு அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. தன் பானையை எடுக்கும்போதும் வைக்கும்போதும் குனிந்தால் தெரியும். அவர் டீயை ஊதிக் குடித்தார். என்னால் கேட்க முடியவில்லை.

என் மனைவிக்குப் பொறுமை இல்லை.

"அண்ணாச்சி, இவரும் அங்க ஒரு பானை வச்சிட்டு வந்தாராமே. இருக்கா?"

அவர் டம்ளரின் அடியில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, அதை மேஜைமேல் சத்தமில்லாமல் வைத்தார்.

"அங்க நெறையப் பானை கெடக்கும்மா. எது யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

போன வருஷம் அவர் வேலையை முடித்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் மராக்கேஷ் போகவில்லை. என் பானை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தமிழ் எழுத்துப் போட்ட பானைகள் அந்த நகரத்தில் மொத்தமே இரண்டுதான்.